அரங்கு நிறைந்தது, சுருதி சேரவில்லை

பாட்டே வராத ஒரு பாடகியைப் பற்றி யாராவது படம் எடுப்பார்களா? எடுத்திருக்கிறார்கள். அதுவும் ஒன்றுக்கு இரண்டாக. போன வாரம் விடுமுறையில் அவற்றில் ஒன்றை இரண்டாம் முறையாகப் பார்த்தேன். 2016இல் வந்த ‘ஃபுளோரன்ஸ் ஃபாஸ்டர் ஜென்கின்ஸ்’. ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்கிய படம். மெரில் ஸ்ட்ரீப் பாடகியாகவும் ஹியூ கிராண்ட் அவருடைய கணவராகவும் வருகிறார்கள். முதல் முறை பார்த்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த முறை பாதிப் படத்திலேயே சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குக் காரணம் நான் பார்க்கும் வானொலி வேலைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

இது கற்பனைப் பாத்திரம் அல்ல. ஃபுளோரன்ஸ் 1868இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், வில்க்ஸ்பாரி என்ற ஊரில் வசதியான வீட்டில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே பியானோ நன்றாக வாசித்தவர். மேற்கொண்டு ஐரோப்பா போய் இசை படிக்க வேண்டும் என்றார். அப்பா பணம் தர மறுத்துவிட்டார். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஜென்கின்ஸ் என்ற மருத்துவரைத் திருமணம் செய்துகொண்டார். அந்தத் திருமணம் அவருக்கு இரண்டு விஷயங்களைத் தந்தது. ஒன்று, கடைசிவரை சுமந்த பெயர். இன்னொன்று, அதேபோல் கடைசிவரை சுமந்த சிஃபிலிஸ் என்னும் பால்வினை நோய். பெனிசிலின் வராத காலம். பாதரசமும் ஆர்செனிக்கும்தான் மருந்து. கணவரைப் பிரிந்தபின் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். பிறகு கையில் ஏற்பட்ட காயத்தால் பியானோ வாசிப்பும் போனது.

1909இல் அப்பா இறந்து, சொத்து கைக்கு வந்தபோது அவர் நாற்பது வயதைக் கடந்திருந்தார். நம் ஊரில் அந்த வயதில் பெண்கள் பிள்ளைகளின் டியூஷன் நேரத்தைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவர் நியூயார்க்கில் சென்ட் கிளேர் பேஃபீல்டு என்ற ஆங்கிலேய நாடக நடிகரைத் துணையாகச் சேர்த்துக்கொண்டு, பாட ஆரம்பித்தார். 1912இல் முதல் கச்சேரி. 1917இல் ‘வெர்டி கிளப்’ என்ற இசைச் சங்கத்தைத் தாமே தொடங்கினார். ஆண்டுக்கு ஒருமுறை ரிட்ஸ் கார்ல்டன் ஹோட்டலில் கச்சேரி வைப்பார்.

அந்தக் கச்சேரிக்கு ஒரு விதி இருந்தது. யாருக்கு டிக்கெட் என்பதை ஃபுளோரன்ஸ்தான் முடிவு செய்வார். சங்க உறுப்பினர்கள், நண்பர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். பத்திரிகை விமர்சகர்கள் உள்ளே வர முடியாது. இந்த விதி முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அவரைக் காப்பாற்றியது.

பாட்டு எப்படி இருக்கும்? ஒலிப்பதிவுகள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் கேட்கலாம். சுருதி ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். பியானோ வாசித்த காஸ்மே மெக்மூன் பாவம், அவர் எங்கே நிறுத்துகிறாரோ அங்கே நிறுத்தி, எங்கே ஓடுகிறாரோ அங்கே பின்னால் ஓடுகிறார். எளிய பாட்டாகப் பாடியிருந்தாலாவது பரவாயில்லை. அவர் தேர்ந்தெடுத்தது மொசார்ட்டின் ‘மந்திரப் புல்லாங்குழல்’ இசை நாடகத்தில் இரவின் அரசி பாடும் பாடல். மேற்கத்திய இசையில் பெண் குரலுக்கு எழுதப்பட்ட மிகக் கடினமான பாடல்களில் ஒன்று அது. உச்சஸ்தாயியில் ஒவ்வொரு ஸ்வரமும் ஊசி முனையில் நிற்பதுபோல் தனித்தனியாக விழ வேண்டும். தேர்ந்த பாடகிகளே மேடையேறும் முன் மூச்சை இழுத்துக்கொள்ளும் இடம். நம் ஃபுளோரன்ஸ் அதற்குள் புன்னகையோடு நடந்து போகிறார். முதுகில் இறக்கை கட்டிக்கொண்டு தேவதை வேடத்தில் மேடையேறியதும் உண்டு.

மெரில் ஸ்ட்ரீப்பைப் பற்றி ஒரு வார்த்தை. மோசமாகப் பாடுவது எளிது என்று நாம் நினைக்கிறோம். நம் நகைச்சுவைக் காட்சிகளில் பாட்டு வராதவரைக் காட்ட வேண்டுமென்றால் தொண்டையைக் கிழித்துக் கத்த வைப்பார்கள். ஸ்ட்ரீப் அப்படிச் செய்யவில்லை. முதலில் அந்தப் பாடல்களை முறையாகக் கற்றுக்கொண்டு, பிறகு எந்த இடத்தில் எவ்வளவு நழுவ வேண்டும் என்று பழகினார். படப்பிடிப்பில் அவர் நேரடியாகப் பாட, சைமன் ஹெல்பர்க் உண்மையிலேயே பியானோ வாசித்திருக்கிறார். அதனால்தான் ஒவ்வொரு வரியிலும் ‘இதோ, பிடித்துவிடுவார்’ என்று நமக்கும் நம்பிக்கை வருகிறது. வரி முடியும்போது அது போய்விடுகிறது. பாடுபவரின் முகத்தில் மட்டும் போவதில்லை. இந்த வேடத்துக்காக அவருக்கு இருபதாவது ஆஸ்கார் பரிந்துரை கிடைத்தது.

என்னை இந்த முறை நிறுத்தியது இதுவல்ல. படத்தின் தொடக்கத்தில் வரும் ஒரு சின்னக் காட்சி. மெட்ரோபாலிட்டன் ஓபராவைச் சேர்ந்த ஒரு பெரிய இசையாசிரியர் வீட்டுக்கு வந்து ஃபுளோரன்ஸுக்குப் பயிற்சி கொடுக்கிறார். பாட்டு முடிகிறது. புதிதாகச் சேர்ந்த பியானோக்காரப் பையன் அதிர்ந்துபோய் நிற்கிறான். ஆசிரியர் என்ன சொல்லப் போகிறார் என்று அவன் பார்க்கிறான். ஆசிரியர் ஃபுளோரன்ஸிடம், உங்களைப்போல் வேறு யாருமே இல்லை என்ற பொருளில் ஏதோ சொல்கிறார். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரு சொல்கூட உண்மையும் இல்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார். இன்னொன்றும் கேட்கிறார்: தான் சொல்லிக்கொடுப்பது வெளியே தெரிய வேண்டாம்!

இந்த மொழி எனக்கு நன்றாகத் தெரியும். வானொலிக்காரர்களின் இரண்டாம் தாய்மொழி இது. ‘வித்தியாசமான குரல்’ என்போம். ‘நல்ல முயற்சி’ என்போம். ‘மேடை பயமே இல்லை பாருங்கள்’ என்போம். ‘இந்தப் பாட்டை மறக்கவே முடியாது’ என்பது கொஞ்சம் கூர்மையானது, பழகிய நேயர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். கல்யாண விருந்தில் கராவோக்கே பாடிவிட்டு இறங்கும் மாமாவிடமும், கோயில் திருவிழாவில் பாடிய பக்கத்து வீட்டுப் பிள்ளையிடமும் நீங்கள் சொல்வதும் இதே மொழிதான். ஒருமுறை பாடி முடித்துச் சாப்பிடப் போகிறவரிடம் இப்படிச் சொல்வதில் தவறே இல்லை. அந்த இடத்தில் சுருதியைப் பற்றிப் பேசுகிறவர்தான் பண்பு தெரியாதவர். ஆனால் ஆசிரியர் என்று பெயர் வைத்துக்கொண்டு, மாதா மாதம் காசு வாங்கிக்கொண்டு இதைச் சொல்வது வேறு கணக்கு.

சரி, அவருக்கே காது கேட்காதா என்று கேட்பீர்கள். சிறுவயதில் பியானோ வாசித்தவர்தானே? பல்கலைக்கழகத்தில் ஊடகத்துறை படித்தபோது முதல் ஒலிப்பதிவு வகுப்பில் எங்கள் எல்லாருக்கும் நேர்ந்த அதிர்ச்சி இது: பதிவான குரலைக் கேட்டதும், ‘இது நான் இல்லை’ என்று சொல்லாதவர் யாருமில்லை. பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை, மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் வருகிறது. எலும்பு கனத்த ஒலியை நன்றாகக் கடத்தும். அதனால் நமக்குள்ளே நம் குரல் கனமாக, முழுமையாகக் கேட்கிறது. ஒலிவாங்கிக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் ஒலிபரப்பில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறோம். முதல் ஆறு மாதம் அது ஒரு தண்டனை. பிறகு பழகிவிடும்.

ஆனால் ஃபுளோரன்ஸ் தம் பதிவுகளையும் கேட்டார். 1941க்கும் 1944க்கும் இடையில், நியூயார்க்கின் மெலோடோன் ஒலிப்பதிவுக் கூடத்தில் சொந்தச் செலவில் இசைத்தட்டுகள் பதிவு செய்தார். இரவின் அரசி பாடலைப் பாடிவிட்டுப் போனவர், மறுநாள் கவலையோடு தொலைபேசியில் அழைத்து, கடைசியில் ஒரு ஸ்வரம் சரியில்லையோ என்று கேட்டாராம். ஒரே ஒரு ஸ்வரத்துக்காக நீங்கள் கவலைப்படவே வேண்டாம் என்று கூடத்தின் நிர்வாகி பதில் சொன்னாராம். இந்தக் கதையைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்கள். நிர்வாகியின் பதில் அப்படி. எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்புதான் முக்கியமாகப் படுகிறது. அந்த அம்மையாருக்குள் எங்கேயோ ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. வலியப் போய்க் கேட்டிருக்கிறார். கிடைத்தது ஒரு நகைச்சுவைத் துணுக்கு.

படத்தில் இந்த இசைத்தட்டு வானொலிக்குப் போகிறது. ஒலிபரப்பாகிறது. போர்க்காலம். சிப்பாய்கள் அதைக் கேட்டுக் குதூகலிக்கிறார்கள். பாராட்டு என்று நினைத்து ஃபுளோரன்ஸ் பூரித்துப்போகிறார், கார்னகி ஹாலையே பதிவு செய்துவிடுகிறார், சிப்பாய்களுக்கு ஆயிரம் டிக்கெட் இலவசம் என்கிறார். இங்கேதான் என் சிரிப்பு நின்றது.

எங்கள் நிலையத்தில் நேயர்கள் தொலைபேசியில் பாடும் அங்கம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் அது என் கைக்கு வந்தபோது, கூடவே ஒரு நேயரும் வந்தார். ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர், எழுபதை நெருங்கியவர். வாரா வாரம் தவறாமல் அழைப்பார். டி.எம்.எஸ். பாடல் தவிர வேறு எதுவும் பாடமாட்டார். வீட்டில் கராவோக்கே இசையைப் போட்டுவிட்டுத் தொலைபேசியில் பாடுவார். பல்லவியில் சுருதியோடு லேசான மனத்தாங்கல் தொடங்கும், சரணத்தில் விவாகரத்தே ஆகிவிடும். அவர் பாடுவதைப் பதிவு செய்து, நடுவில் சிரிப்புச் சத்தம் சேர்த்து, புலனத்தில் யாரோ சுற்றுக்கு விட்டிருந்தார்கள். எனக்கே மூன்று குழுக்களிலிருந்து வந்தது. அவருக்காகவே அந்த நேரத்தில் வானொலியைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்கள், முதல் ஆளாக எடுங்கள் என்று ஒரு யோசனையும் வந்தது.

நான் இரண்டாவது வாரமே, ஒலிபரப்பு இல்லாத நேரத்தில் அவரை அழைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. “ஐயா, உங்க பாட்டை வச்சு சிலர் கிண்டல் பண்றாங்க, உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“தெரியும்மா. என் பேரன்தான் காட்டினான். அவனும் சிரிச்சான். சிரிக்கட்டும், இப்ப என்ன?”

“வருத்தமா இல்லையா?”

“வருத்தம் இல்லாம இருக்குமா? எனக்கும் ஏதோ தப்பாப் போகுதுன்னு தெரியுது. எந்த இடத்துலன்னுதான் தெரியல.”

சொன்னேன். சரணத்தில் மேலே போகும்போது குரல் எட்டவில்லை, எட்டாத இடத்தில் கத்துகிறீர்கள், அப்போதுதான் விலகுகிறது. ஒன்றரைக் கட்டை குறைத்துப் பாடிப் பாருங்கள். கராவோக்கே செயலியிலேயே அதைக் குறைக்க வழி இருக்கிறது, பேரனிடம் கேளுங்கள்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “இத ஏம்மா இத்தனை நாளா ஒருத்தரும் சொல்லல?” என்றார்.

அடுத்த வாரம் குறைத்துப் பாடினார். பல்லவி நின்றது. சரணம் வழக்கம்போல் ஊரைச் சுற்றிவிட்டுத்தான் வந்தது. ஆனால் வந்தது. இப்போது மகள் வீட்டோடு ஜொகூரில் இருக்கிறார், அங்கிருந்தும் அழைப்பார். இன்றும் நல்ல பாடகர் இல்லை. அது அவருக்கும் தெரியும்.

ஃபுளோரன்ஸின் கதைக்குத் திரும்புகிறேன். 1944 அக்டோபர் 25. கார்னகி ஹாலின் டிக்கெட்டுகள் சில வாரங்களுக்கு முன்பே விற்றுத் தீர்ந்துவிட்டன. இடம் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிப் போனார்கள். பாடகிக்கு 76 வயது. பொது அரங்கு, பொது விற்பனை. காசு கொடுத்தால் யாரும் வரலாம். முப்பது ஆண்டு வேலி அன்று இல்லை. விமர்சகர்கள் வந்தார்கள், மறுநாள் பத்திரிகைகளில் கிழித்துத் தொங்கப்போட்டார்கள். சில நாள் கழித்து ஓர் இசைக் கடையில் அவருக்கு மாரடைப்பு. நவம்பர் 26ஆம் தேதி காலமானார். விமர்சனம்தான் கொன்றது என்று சொன்னால் கதைக்கு வசதியாக இருக்கும். நோயோடு அத்தனை ஆண்டு போராடிய 76 வயது உடம்பு அது என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

படத்தில் பேஃபீல்டு அந்தக் காலையில் ஓடியோடி ‘நியூயார்க் போஸ்ட்’ பத்திரிகைகளை எல்லாம் விலைக்கு வாங்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறார். ஃபுளோரன்ஸ் குப்பையிலிருந்தே ஒன்றை எடுத்துப் படித்துவிடுகிறார். ஹியூ கிராண்ட் அந்தப் பதற்றத்தை மிக அழகாகக் காட்டியிருக்கிறார். அவருடைய திரைவாழ்வில் மிகச் சிறந்த நடிப்புகளில் இது ஒன்று என்பேன். பார்ப்பவர்கள் எல்லாரும் ‘என்ன மாதிரி கணவர்!’ என்று உருகுகிறார்கள். எனக்குத்தான் உருக முடியவில்லை. விமர்சகர்களுக்குக் காசு உறை கொடுத்ததும் அவர்தான், சிரிப்பவர்களை ஒதுக்கி வைத்ததும் அவர்தான். எல்லாம் அன்புதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அன்பு ஃபுளோரன்ஸை எதற்கும் தயார் செய்யவில்லை. சங்கத்து நண்பர்கள் முன்னால் பாடியவரை வேலி காத்தது சரி. மூவாயிரம் பேர் முன்னால் போவதற்கு முந்திய இரவில்கூட ஒருவரும் அவரிடம் உட்கார்ந்து பேசவில்லையே! இசை தெரியாதவர் அல்ல அவர். பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். ஒன்றரைக் கட்டை குறையுங்கள், மொசார்ட் வேண்டாம், இந்தச் சின்னப் பாட்டைப் பாடுங்கள் என்று சொல்ல ஓர் ஆள் இருந்திருந்தால்? கேட்டிருக்க மாட்டார் என்கிறீர்களா? இருக்கலாம். சொல்லிப் பார்த்தவர் யாராவது இருந்தால்தானே தெரியும்.

முகத்துக்கு நேராகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு வில்லியம் ஹங்கை நினைத்துக்கொள்ளலாம். ஹாங்காங்கில் பிறந்து கலிபோர்னியாவில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த மாணவர். 2004இல் ‘அமெரிக்கன் ஐடல்’ தேர்வில் பாடி, நடுவர்களே சிரித்து நிராகரித்ததை உலகமே பார்த்தது. என்னால் முடிந்ததைச் செய்தேன், வருத்தமில்லை என்ற பொருளில் பதில் சொல்லிவிட்டுப் போனார். பிறகு இசைத்தட்டும் வெளியிட்டார். அந்த நடுவர்களின் பண்பை நான் மெச்சவில்லை. ஆனால் அவரைப் பார்த்து ஊர் சிரித்தபோது, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சேர்ந்து சிரிப்பதா, ஒதுங்குவதா என்று அவரே முடிவெடுக்க முடிந்தது.

படத்தில் எனக்குப் பிடித்தவர் கணவரும் அல்ல, பியானோக்காரரும் அல்ல. ஆக்னஸ் என்ற பெண். பணக்காரர் ஒருவரின் இளம் மனைவி, சபை நாகரிகம் தெரியாதவர். ரிட்ஸ் ஹோட்டல் கச்சேரியில் அடக்க முடியாமல் சிரித்துத் தரையில் தவழ்ந்து வெளியேறுகிறார். கார்னகி ஹாலில் சிப்பாய்கள் கூச்சலிட்டுக் கேலி செய்யும்போது, எழுந்து நின்று அவர்களைத் திட்டி அடக்கி, பாடவிடச் சொல்வதும் அதே ஆக்னஸ்தான். படத்தில் ஃபுளோரன்ஸின் பாட்டைக் கேட்டு மறைக்காமல் சிரித்தவர், எழுந்து நின்று அவருக்காகச் சண்டை போட்டார். மற்ற கனவான்கள் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது படத்தையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் வந்த ‘மார்கெரித்’ என்ற பிரெஞ்சுப் படம். ஃபுளோரன்ஸின் வாழ்க்கையைத் தழுவி, 1920களின் பிரான்சில் நடப்பதாக மாற்றியிருக்கிறார்கள். காத்ரீன் ஃப்ரோ நடித்து, பிரான்சின் சேசர் விருதை வாங்கினார். அதில் வரும் கணவர் மனைவியின் கச்சேரிக்குப் போக வெட்கப்பட்டு, வழியில் கார் பழுதாகிவிட்டதென்று நடிக்கிறார். ஆங்கிலப் படத்தைவிட இது கசப்பு. மார்கெரித் தம் குரலைத் தாமே ஒலிப்பதிவில் கேட்கும் இடம் கடைசியில் வருகிறது. அதற்குமேல் சொன்னால் திட்டுவீர்கள். என்னைக் கேட்டால் நேர்மையான படம் இதுதான். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்க ஏற்றது மெரில் ஸ்ட்ரீப் படம். நோயைப் பற்றிய பேச்சும் பேஃபீல்டின் இன்னொரு உறவும் வருவதால், சின்னப் பிள்ளைகள் இருந்தால் பெற்றோர் ஒருமுறை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

படம் பார்க்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். யூடியூபில் இரவின் அரசி பாடலை ஒரு தேர்ந்த பாடகி பாடிக் கேளுங்கள். பிறகு ஃபுளோரன்ஸின் அசல் பதிவைப் போடுங்கள். இரவு நேரமென்றால் ஒலியைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.